சூட்டை வாங்காத மூக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வெப்பப் பரிமாற்றம் என்னும் பாடத்தைப் பொறியியல் மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், பாடத்தைத் தொடங்கும் முன்பாகக் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, ஆளுக்கொரு தாளை எடுத்து விடையைப் படமாக வரைந்து தரச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. விண்வெளியிலிருந்து மிகுந்த வேகத்தோடு நம் காற்று மண்டலத்துக்குள் நுழைகிற ஒரு பொருள் எரிந்து போகாமல் தரை சேர வேண்டுமானால், அதன் முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஐம்பது பேருக்குக் குறையாமல் ஊசியை வரைவார்கள். சிலர் ஈட்டியை வரைவார்கள். கலையார்வம் மிகுந்த ஒருவர் மீன்கொத்தியின் அலகை இறகு உட்பட வரைந்து நீட்டினார். முன்பக்கத்தை மொழுக்கென்று, சட்டியின் அடியைப் போல வரைந்தவர் என் நினைவில் ஒரே ஒருவர்தான். மகிழ்ச்சியோடு அவரை எழுப்பிக் காரணம் கேட்டேன். "பென்சில் மழுங்கிப் போச்சு சார்" என்றார்.

காரணம் எதுவாக இருந்தாலும் அவருடைய விடைதான் சரி. நம் வீட்டு ஆப்பச்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். அகலமாக, ஆழம் குறைவாக, எந்த இடத்திலும் முனை என்று ஒன்று இல்லாமல் வளைந்திருக்கும் அந்த அடிப்பக்கம்தான் விண்வெளியிலிருந்து மனிதர்களைத் திருப்பிக் கொண்டுவந்த கலங்களின் முகம். இந்த உருவத்தைக் கண்டடைந்தது 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருந்த ஓர் ஆய்வகம். நான் பல்லாண்டுகளாக மனத்தில் சுமந்து திரிகிற கதை இது. படம் போட்டுக் காட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்து உருவத்தைப் பற்றிப் பேசுவது சற்றுச் சங்கடம்தான். ஆனால் இதில் வரும் பொருள்கள் பெரும்பாலும் உங்கள் சமையலறையிலும் கூடத்திலும் இருப்பவை என்பதால் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

முதலில், காற்றில் விரைந்து போகிற ஒரு பொருளுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம். போகிக்கு முன்பு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்திருப்பீர்கள். ஒரு விரல் தேய்த்தால் கறுப்பாக வரும் அளவுக்குத் தூசி படிந்திருக்கும். அந்த இறக்கையின் நுனி, விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது, மணிக்கு 70 அல்லது 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஆண்டு முழுவதும் அப்படிச் சுற்றியும் அந்தத் தூசி பறந்து போகாமல் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது? இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டு அதனுடனேயே சுற்றுகிறது. ஆகையால் தூசியின் மட்டத்தில் காற்றே அடிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி, ஓரிரு மில்லிமீட்டருக்கு அப்பால்தான் காற்று இறக்கையை விட்டு வழுக்கத் தொடங்குகிறது.

ஒட்டிக்கொண்ட காற்றுக்கும் வழுக்கிப் போகும் காற்றுக்கும் நடுவே இருக்கிற இந்த மெல்லிய படலத்துக்கு எல்லை அடுக்கு என்று பெயர். லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியர் 1904-ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணிதவியலாளர்களின் அனைத்துலக மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பத்தே நிமிடம். வானூர்தியியல் என்னும் துறை முழுவதையும் பத்து நிமிடத்தில் புரட்டிப் போட்டுவிட்டு அவர் இறங்கிவிட்டார். எனக்கு நிலையத்தார் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் போதாது என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் படலத்துக்குள் காற்றும் காற்றும் ஒன்றையொன்று உராய்கின்றன. குளிர்காலக் காலையில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறோமே, அதே சூடுதான் அங்கும் பிறக்கிறது. சூட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்: காற்றை அழுத்தினாலே சூடேறும். விரைந்து போகும் பொருளின் முன்னால் காற்று அழுந்துகிறது, பக்கங்களில் உராய்கிறது. அழுந்துதல், உராய்தல் என்ற இந்த இரண்டையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பூசை அறையில் ஊதுவத்தி எரியும்போது, காற்றாடாத வேளையில் அந்தப் புகையைக் கவனியுங்கள். சிறிது உயரம்வரை நூல் பிடித்தாற்போல் நேராக ஏறும் புகை, ஓரிடத்தில் திடீரென்று நெளிந்து, சுருண்டு, கலைந்துவிடும். நேராகப் போகும் ஓட்டத்தைச் சீரோட்டம் என்றும் கலைந்த ஓட்டத்தைக் கொந்தளிப்பு ஓட்டம் என்றும் சொல்வோம். எல்லை அடுக்கும் இப்படித்தான் தொடக்கத்தில் சீராக இருந்து பிறகு கலைகிறது. கலைந்துவிட்டால் வெளியே இருக்கும் சூடு உடலுக்குள் பல மடங்கு வேகமாக வந்து சேரும். எங்கே கலைகிறது, ஏன் கலைகிறது என்பதற்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை. நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் எங்களுக்கு எந்தக் கணிப்பொறியையும் காட்டவில்லை, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி மேசைமேல் வைத்துவிட்டு, வகுப்பு முடியும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துக்கு வருவோம். ஜெர்மனியின் வி-2 ஏவுகணை ஏறத்தாழ நொடிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதன் மூக்கு கூர்மையானது. அதன் எஃகுத் தோல் சூடேறியது, ஆனால் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. அடுத்துக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதற்கு நொடிக்கு 7 கிலோமீட்டர் வேண்டும். வேகம் நான்கு மடங்கு சொச்சம்தானே கூடுகிறது என்று தோன்றலாம். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால் அது 19 மடங்காகிவிடுகிறது. இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். பூமியைச் சுற்றிவரும் ஒரு கலத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். அதில் உள்ள ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு கிலோவை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்குவதற்கு 26 லட்சம் ஜூல் போதும். அப்படியானால், ஒரு கிலோ இரும்பு சுமந்துவரும் வேகத்தின் ஆற்றலைக் கொண்டு கிட்டத்தட்ட 12 கிலோ தண்ணீரை ஒட்டுமொத்தமாக ஆவியாக்கிவிடலாம். கீழே இறங்கி நிற்பதற்குள் இந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறியே தீர வேண்டும். அதே ஒரு கிலோ இரும்பை உருக்குவதற்கு அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான சூடு போதும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்றைய பொறியாளர்கள் ஏன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பது விளங்கும்.

அவர்களுக்கு முதலில் தோன்றிய வழி, என் மாணவர்களுக்குத் தோன்றிய அதே வழிதான். காற்று தடுக்கிறது, தடுப்பதால் சூடேறுகிறது. ஆகவே தடை குறைந்த உருவமாக, ஊசியாகச் செய்தால் சூடும் குறையும். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் விமானம் கட்டிய ஒவ்வொருவரும் தடையைக் குறைப்பதையே தவமாகச் செய்துவந்தார்கள். தடையைக் கூட்டு என்று ஒருவன் சொன்னால் அவனை ஆய்வகத்தை விட்டு வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அதைச் சொன்னவர் ஹாரி ஜூலியன் ஆலன். நாசா என்று நாம் இன்று அறிகிற நிறுவனத்தின் முன்னோடி, வானூர்தியியலுக்கான தேசிய ஆலோசனைக் குழு. அது 1939-இல் கலிபோர்னியாவின் மொஃபட் ஃபீல்டில் தொடங்கிய ஏம்ஸ் ஆய்வகத்தில்தான் ஆலன் வேலை பார்த்தார். அவரும் அவரைவிட இளையவரான ஆல்ஃபிரட் எக்கர்ஸும் 1950-களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரால் பின்தொடர முடிகிற கணக்குதான். கேள்வியைத் திருப்பிப் போட்டதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. மொத்தம் எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்தச் சூடு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டார்கள்.

சொத்துப் பிரிப்பதைப்போல எண்ணிக்கொள்ளுங்கள். பங்காளிகள் இரண்டு பேர். ஒருவர் காற்று, மற்றவர் இறங்கி வருகிற பொருள். பிரிக்க வேண்டிய சொத்து நான் முன்னே சொன்ன அந்த 3 கோடி ஜூல். மொத்தச் சொத்தை யாராலும் குறைக்க முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் உருவத்தைக் கொண்டு மாற்றலாம். காற்று முன்னால் அழுந்துவதால் பிறக்கும் சூடு காற்றிலேயே பிறந்து, காற்றோடு பின்னால் போய்விடுகிறது. பொருள் அதை விட்டுவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறது. உராய்வால் பிறக்கும் சூடோ பொருளின் தோலை ஒட்டினாற்போல் பிறக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி உடலுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே மொத்தத் தடையில் உராய்வின் பங்கு எத்தனை சதவீதமோ அதில் பாதிதான் உடல் வாங்கிக்கொள்ளும் சூடு. ஆலனும் எக்கர்ஸும் கண்ட விதி, சொல்லப்போனால், இந்த ஒரு வரிதான்.

இப்போது ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்னால் காற்றை அதிகம் அழுத்துவதில்லை. நீண்ட உடலின் பக்கங்களில் உராய்வு மிகுதி. மொத்தத் தடையில் பாதி உராய்வு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சொத்தில் கால் பங்கு, அதாவது கிலோவுக்கு 75 லட்சம் ஜூல் உடலுக்குள் வந்துவிடும். இரும்பு உருகிக் கொட்டிவிடும். சட்டியின் அடியை எடுத்துக்கொண்டால், அது காற்றின் குறுக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. தடை மிக மிக அதிகம், ஆனால் அதில் பெரும்பகுதி அழுத்தத்தால் வருவது. உராய்வு நூற்றில் இரண்டு பங்குதான் என்றால் உடலுக்கு வருவது நூற்றில் ஒரு பங்கு, 3 லட்சம் ஜூல். கிலோ இரும்பை ஏறத்தாழ 600 டிகிரி சூடேற்றி, மங்கிய சிவப்பில் நிறுத்தும், உருக்காது. தடையைக் கூட்டக் கூட்ட உடலுக்குச் சூடு குறைகிறது! நாற்பது ஆண்டுகளாக எதிரி என்று எண்ணித் துரத்திய தடைதான் காப்பாற்றுகிறது.

ஊசியின் மேல் இன்னொரு குற்றமும் உண்டு. காலில் முள் தைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஊசியின் முனையை விளக்குச் சுடரில் காட்டிவிட்டு முள்ளை எடுப்பார்கள் அல்லவா? காட்டிய கணத்தில் முனை சிவந்துவிடும். அதே சுடரில் அம்மிக் குழவியைக் காட்டினால் ஒரு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் ஆகாது. முனையில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உலோகமே இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், மூக்கின் வளைவு ஆரம் பெரிதாகப் பெரிதாக, ஒரு சதுர அங்குலத்தில் வந்து விழும் சூடு குறைந்துகொண்டே போகும் என்பது. ஆரத்தை 4 மடங்கு ஆக்கினால் சூடு பாதியாகும். 100 மடங்கு ஆக்கினால் பத்தில் ஒன்றாகும். ஒரு மில்லிமீட்டர் முனைக்குப் பதிலாகப் பத்து சென்டிமீட்டர் உருண்டையை வைத்தாலே பத்தில் ஒரு பங்குச் சூடுதான் என்றால், யார் ஊசியை வைப்பார்கள்?

ஒக்கேனக்கலில் பரிசலில் போனவர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது எளிது. கூர்மூக்குத் தோணி விரைந்து போகும்போது அது எழுப்பும் அலை மூக்கில் ஒட்டிக்கொண்டு, இருபக்கமும் உடலை உரசினாற்போல் விரியும். வட்டமான பரிசலை ஒருவர் வேகமாக இழுத்தால், பரிசலுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளியே தண்ணீர் மேடு கட்டி நிற்கும். அந்த மேடு பரிசலைத் தொடுவதில்லை. ஒலியைவிட வேகமாகப் போகும் பொருளுக்கு முன்னால் காற்றில் எழுகிற இத்தகைய மேட்டுக்கு அதிர்ச்சி அலை என்று பெயர். கூரான மூக்கில் அது ஒட்டிக்கொள்கிறது. மழுங்கிய மூக்கில் தள்ளி நிற்கிறது. தள்ளி நிற்கும் அந்த அலைக்குள் நுழைந்த காற்று 6,000 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். அந்தச் சூட்டில் காற்றின் மூலக்கூறுகள் இணை பிரிந்து அணுக்களாகச் சிதறுகின்றன. அப்படிச் சிதறுவதற்கும் ஒரு பங்கு ஆற்றல் செலவாகிவிடுகிறது. பிறகு அந்தக் கொதிக்கும் காற்று சட்டியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடிவிடுகிறது. திரும்பவும் சொல்கிறேன், சட்டி சூட்டைத் தாங்கிக்கொள்ளவில்லை. பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஏம்ஸில் இதைக் கண்ணால் பார்க்கவும் வழி வைத்திருந்தார்கள். வழக்கமான காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை நிறுத்திவைத்துக் காற்றை ஓடவிடுவார்கள். ஆலனின் யோசனைப்படி 1949 முதல் அங்கே வேறொரு சுரங்கம் இயங்கியது. அதில் காற்று ஒலியைவிட வேகமாக ஒரு திசையில் வரும். எதிர்த்திசையிலிருந்து துப்பாக்கியில் குண்டுக்குப் பதிலாகச் சிறிய மாதிரியை வைத்து அதற்குள் சுடுவார்கள். எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகளைப்போல வேகங்கள் கூடிவிடும். மாதிரி பறந்து போகும் பாதையில் கண் சிமிட்டும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் மின்பொறி அடித்து நிழற்படம் எடுப்பார்கள். நடுப்பகலில் தார்ச் சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருக்கிறோம். அடர்த்தி மாறிய காற்று ஒளியை வளைப்பதால் அந்த நெளிவு தெரிகிறது. அதே முறையில் அதிர்ச்சி அலையின் நிழல் படச்சுருளில் ஒரு கரிய வில்லாக விழுந்துவிடும். மழுங்கிய மூக்குக்கு முன்னால், அதைத் தொடாமல், ஒரு வில் தனியே நிற்கிற அந்தப் படத்தை முதல்முதலாகப் பார்த்த நாளில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவதுண்டு.

இந்த ஆய்வு அறிக்கை 1953-இல் இரகசிய ஆவணமாக வெளியானது. பொதுமக்கள் படிக்கும் வண்ணம் முழு அறிக்கையாக வந்தது 1958-இல்தான். அதற்குள் அமெரிக்க ஏவுகணைகளின் மூக்கு மழுங்கிவிட்டது. தொடக்கத்தில் கனத்த செம்பைக் கவசமாக வைத்துச் சூட்டை உறிஞ்சச் செய்தார்கள். பிறகு வந்த முறையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

ஏனென்றால் அதற்கு முன்னால், எனக்கு மிகவும் பிடித்தமான ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் கறுப்பான கண்ணாடிப் பொத்தான்கள் தரையில் கிடக்கும். சட்டைப் பொத்தான் அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். நன்றாக வாய்த்த ஒரு பொத்தானைக் கையில் எடுத்தால், ஒருபக்கம் உருண்டையாகவும், மறுபக்கம் தட்டையாகக் குவிந்து அதன்மேல் வளையம் வளையமான வரிகளோடும், நடுவில் தட்டின் விளிம்பைப்போல ஓர் இதழ் சுற்றிலும் படிந்தும் இருக்கும். சார்லஸ் டார்வின் இத்தகைய ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எரிமலையிலிருந்து தெறித்த கண்ணாடி என்று 1844-இல் எழுதினார். ஆனால் அவை கிடந்த இடங்களுக்குப் பக்கத்தில் அதற்கேற்ற எரிமலை எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொத்தான்கள் புதிராகவே கிடந்தன.

ஏம்ஸில் ஆலனின் சகாவாக இருந்த டீன் சாப்மன் என்ற காற்றியக்கவியலாளரின் கையில் 1950-களின் இறுதியில் இந்தப் பொத்தான்கள் சிக்கின. புவியியலாளர்கள் அதைப் பார்த்தபோது பாறையைப் பார்த்தார்கள். சாப்மன் பார்த்தபோது, காற்று மண்டலத்துக்குள் மூக்கை முன்னே நீட்டி நுழைந்து, முன்பக்கம் உருகி, உருகியது காற்றால் பின்னால் தள்ளப்பட்டு விளிம்பில் உறைந்துபோன ஒரு மழுங்கிய மூக்கைப் பார்த்தார். தாம் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பொருளை இயற்கை ஏற்கெனவே செய்து தரையில் போட்டிருக்கிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. கண்ணாடி உருண்டைகளைச் செய்து, மின்வில்லால் சூடேற்றிய காற்றுப் பீச்சின் முன்னால் வைத்து உருக்கினார். அதே வளைய வரிகள், அதே விளிம்பு இதழ், அதே பொத்தான் அவர் கையில் உருவாயிற்று. அசலையும் நகலையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப்போல இருக்கும். எவ்வளவு உருகியிருக்கிறது, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதிலிருந்து அது எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் காற்றுக்குள் நுழைந்தது என்பதைக்கூடப் பின்னோக்கிக் கணக்கிட்டார்.

இங்கேதான் அவர் ஓரடி அதிகமாக எடுத்து வைத்தார். இந்தக் கண்ணாடி நிலாவிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அந்தக் கட்சிக்காக அவர் பல ஆண்டுகள் வாதாடினார். 1969-இல் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலாவின் கல்லைக் கொண்டுவந்தார்கள். அதன் சேர்மானம் பொத்தான்களின் சேர்மானத்தோடு பொருந்தவில்லை. பூமியின் மேல் பெரிய விண்கல் ஒன்று மோதியபோது உருகிய நம் மண்ணே கண்ணாடித் துளிகளாகக் காற்று மண்டலத்துக்கு மேலே தூக்கியெறியப்பட்டு, உறைந்து, திரும்பக் கீழே விழுந்தது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். அது நடந்து ஏறத்தாழ 7.9 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எங்கிருந்து புறப்பட்டது என்பதில் சாப்மன் தோற்றார். எப்படி வந்து இறங்கியது என்பதில் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. என்னைக் கேட்டால், இப்படிப் பாதி தோற்கிற தைரியம் உள்ளவர்களை எனக்குப் பிடிக்கும். தோற்காமல் இருப்பதற்காகவே பாதிக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்களை ஆய்வுத் துறையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஐந்து விரல்களைக் காட்டுகிறார். பொத்தானில் வழக்கம்போல நேரத்தைத் தொலைத்துவிட்டேன்.

கவசத்துக்கு வருகிறேன். அந்தப் பொத்தான் செய்ததைத்தான் பின்னாளில் வந்த கவசமும் செய்கிறது: தான் கரைந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. மண்பானை வேர்த்து வேர்த்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறது அல்லவா? ஆவியாகிப் போகும் நீர் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணாடி இழையும் பினாலிக் பிசினும் சேர்ந்த கவசம், மேல் அடுக்குக் கருகி ஆவியாகும்போது அவ்வாறே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளிவரும் அந்த ஆவி, கொதிக்கும் காற்றைத் தோலிலிருந்து சற்றுத் தள்ளியும் நிறுத்துகிறது. இந்த வகைக் கவசம் நன்றாகத் தேர்ந்த பிறகு, ஏவுகணைக்காரர்கள் குறி தப்பாமல் வேகமாக இறங்க வேண்டி மீண்டும் கூர்மையான மூக்குக்கே போய்விட்டார்கள் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. மனிதர்களைச் சுமந்து வரும் கலங்கள் சட்டியை விடவில்லை.

1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கியபோது, அவருடைய கலத்தின் வெப்பக் கவசம் கழன்றிருக்கக்கூடும் என்று தரைக்கு ஒரு சமிக்ஞை வந்தது. கவசத்தின் மேல் பட்டைகளால் கட்டியிருந்த, கலத்தின் வேகத்தைக் குறைக்கும் பின்னுந்து ராக்கெட் தொகுதியை வழக்கப்படி கழற்றி எறியாமல், அது கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டார்கள். காற்றுக்குள் நுழைந்ததும் அந்தத் தொகுதி எரிந்து, துண்டு துண்டாகச் சன்னலைத் தாண்டிப் பறந்தது. உடைந்து போவது கவசமா, வேறெதுவுமா என்று கிளெனுக்கு அப்போது தெரிய வழியில்லை. நான் சொன்ன அந்தக் கொதிக்கும் காற்றில் எலக்ட்ரான்கள் கழன்று திரிவதால் வானொலி அலை அதைத் தாண்டி வராது. நான்கு நிமிடங்களுக்கு மேல் வானொலி ஊமையாக இருந்தது. வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லும்போது எனக்கே ஒருமாதிரி இருக்கிறது. பிறகு அவர் குரல் வந்தது. கவசம் அதன் இடத்திலேயே இருந்தது; பழுதாகியிருந்தது ஒரு மின் சுவிட்சு.

இரண்டு விரல் காட்டுகிறார். விரிவாகச் சொல்ல நினைத்திருந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். உராய்வின் பங்கு என்று இத்தனை நேரம் பேசினேனே, ஒலியை ஒட்டியும் ஒலியைத் தாண்டியும் போகும் வேகங்களில் அந்த உராய்வைக் கணக்கில் ஊகிக்காமல் நேராகவே அளக்க, தட்டையான பலகையில் ஒரு சிறு துண்டை மட்டும் அசையும்படி விட்டு, காற்று அதை இழுக்கும் மிகச் சிறிய விசையை அளந்து, 1951-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மனிடம் முனைவர் பட்டம் பெற்றவர் நம் சதீஷ் தவான். அவர் அதே ஆண்டில் பெங்களூருக்குத் திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் நம் விண்வெளித் துறையை நடத்தினார். அவர் பெயர் தாங்கிய ஸ்ரீஹரிகோட்டா மையத்திலிருந்து 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட, 550 கிலோ எடையுள்ள, மழுங்கிய மூக்குள்ள ஒரு கலம் 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு, முனையில் கார்பன் பினாலிக் கவசமும் பக்கங்களில் சிலிக்கா ஓடுகளுமாக, ஜனவரி 22 காலையில் வங்காள விரிகுடாவில் வந்து இறங்கியது. கடலோரக் காவல் படையினர் அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்த இடம் நம் எண்ணூர்த் துறைமுகம்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.